மஞ்சளில் விழுந்த துளி

துளி விழுந்ததும் மஞ்சள் தூள் ஒன்றும் செய்யவில்லை. ஓர் ஈரப் பொட்டு, அவ்வளவுதான். பிறகு அந்தப் பொட்டின் ஓரம் பச்சையாகி, பச்சை கறுத்து, கறுப்பு மெல்ல மெல்லத் தூளுக்குள் இறங்கியது.

வெள்ளைப் பீங்கான் தட்டைச் சுற்றி இருபத்து மூன்று தலைகள் குனிந்திருந்தன. தேங்காயெண்ணெய் மணமும் பள்ளிக்கூடப் பைகளின் மணமும் கலந்த சூடு. யன்னலுக்கு வெளியே தெல்தெனிய பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. உள்ளே ஒருவரும் அசையவில்லை.

"சேர், மாவு!" என்றாள் சர்மிளா. "மஞ்சத்தூள்ல மாவு கலந்திருக்காங்க!"

அவள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவள். அந்தத் தூளைக் கொண்டுவந்தவளும் அவளே. மடித்த கடதாசிப் பொட்டலம் தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதன் மேல் ஊதா மையில் கடையின் ரப்பர் முத்திரை. திகனவில் அந்தக் கடையைத் தெரியாதவர் இல்லை. ரிஸ்வி நானாவின் பலசரக்குக் கடை.

ரிஸ்வி நானாவின் மகள் நுஸ்ரா என் இடது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கட வாப்பா கலக்கிறல்ல" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அப்ப இது என்ன?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "ஒரு மஞ்சளை வைச்சு முடிவு சொல்ல ஏலாது. இன்னும் இரண்டு மூண்டு மஞ்சள் பாக்கவேணும். பேசாமல் இருங்கோ." யாருக்கும் காதில் விழவில்லை. கறுப்பை அவர்கள் கண்ணால் கண்டுவிட்டார்கள். கண்ணால் காண்பதை நம்புங்கள் என்று அத்தனை மாதமாகச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

நுஸ்ரா தன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வாசலில் வேறு யாருடையதோ ஒரு செருப்பையும் தன்னுடையது ஒன்றையும் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

கை உயர்த்தாமல் துளி விழாது

அந்தத் துளி எப்படி அங்கே வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

திகனச் சந்தியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் ஒரு சிறிய வாசிகசாலை இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமைக் காலைகளில் பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்துகாட்ட அதன் மேல்மாடியை எனக்குத் தந்தார்கள். கண்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு போவேன். டின்னுக்குள் ஆறு துளிக்குழாய், நாலு கண்ணாடிக் குவளை, ஒரு காந்தம், பஞ்சு, நூல். போகும்போது எண்ணுவேன், வரும்போதும் எண்ணுவேன்.

சென்ற வாரம் இதே பத்திரிகையில் மெழுகுவர்த்தியையும் குவளையையும் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, மாத்தளையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "ஐயா, நீங்கள் எதையும் எண்ணாமல் ஒரு பந்தியாவது எழுத மாட்டீர்களா?" அம்மா, பிள்ளைகள் கையில் பென்சில் இருக்கும்போது யாரும் எண்ண வேண்டாம். தீக்குச்சி இருக்கும்போது எண்ணித்தான் ஆக வேண்டும். கொடுத்த குச்சி பத்து என்றால் திரும்பிய குச்சியும் பத்தாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்காது.

நான் படித்த காலத்தில் இந்தக் கவலையெல்லாம் எங்கள் வாத்தியாருக்கு இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞானம் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரிக்குப் பூட்டு இருந்தது. திறப்பு பள்ளி அதிபரிடம் இருந்தது. வாத்தியார் கரும்பலகையில் சோதனைக் குழாயை வரைவார், அதற்குள் திரவத்தை வரைவார், நிறம் மாறியதாகச் சொல்வார். மாப்பொருளில் அயடின் பட்டால் கருநீலம் என்று எழுதி நான் முழுப் புள்ளி வாங்கியிருக்கிறேன். கருநீலத்தை முதன்முதலாகக் கண்டது பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான். கண்டபோது, இவ்வளவு அழகான ஒன்றையா இத்தனை வருடம் எழுதிக்கொண்டிருந்தோம் என்று ஆத்திரம் வந்தது.

ஆகவே என் வகுப்பில் அலுமாரி இல்லை. ஆனால் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பரிசோதனையும் செய்வதற்கு முன், என்ன நடக்கும் என்று நினைக்கிறார்களோ அதற்குக் கை உயர்த்த வேண்டும். கை உயர்த்தாமல் துளி விழாது. பிழையாக உயர்த்தினாலும் பரவாயில்லை. சும்மா பார்க்கிறவனைவிடப் பந்தயம் கட்டியவன் கூர்ந்து பார்ப்பான்.

அன்றைய வேலை, வீட்டுச் சமையலறையிலிருந்து ஏதாவது ஒரு தேக்கரண்டி கொண்டுவருவது. மருந்துக்கடையில் வாங்கிய அயடினைத் தண்ணீர் கலந்து வைத்திருந்தேன். பாண் துண்டுக்கு எல்லோரும் கை உயர்த்தினார்கள், பாண் கறுத்தது. உருளைக்கிழங்கு கறுத்தது. சோறு கறுத்தது. உப்பு அப்படியே இருந்தது. வெள்ளரிக்காய் அப்படியே இருந்தது. தேங்காய்ப்பூவுக்குப் பாதிப் பேர் உயர்த்தி ஏமாந்தார்கள். ஒரே சந்தோஷம்.

கடைசியாகச் சர்மிளாவின் பொட்டலம். "மஞ்சள் நிறம் மாறும் எண்டு நினைக்கிற ஆக்கள்?" என்று கேட்டேன்.

ஒரு கைகூட உயரவில்லை. மாறாது என்பதற்குத்தான் எல்லோரும் உயர்த்தினார்கள்.

மாறும் என்று என் கையும் உயரவில்லை. நான் பௌதிகம் படிப்பித்தவன். மஞ்சளுக்குள் என்ன இருக்கிறது என்று அதுவரை யோசித்ததில்லை.

அது எந்தக் காலம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கொரோனா ஓய்ந்து பள்ளிக்கூடங்கள் திறந்திருந்தன. வெளிநாட்டிலிருந்து மஞ்சள் வருவது நின்று, விலை ஏறிப்போய் இறங்காமலே இருந்தது. மாக் கலந்த மஞ்சள் பிடிபட்டது என்று தொலைக்காட்சியில் அடிக்கடி காட்டினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் மனப்பாடம். நிறம் மாறாது என்று எல்லோரும் நினைத்த ஒரு தூள் கறுத்தால், அவர்கள் வேறு எந்த முடிவுக்கு வருவார்கள்?

கைப்பேசியில் ஏறியது

ஞாயிறு காலை சர்மிளாவின் அம்மா பேசினார்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. இந்தப் புள்ள வீட்டுல வந்து திரும்பச் செஞ்சு காட்டுச்சு. புண்ணுக்குப் போடுற மருந்த ஊத்தி. பெரியவன் அத போன்ல எடுத்துப்புட்டான்."

"எடுத்து?"

"அவங்க ஓட்டோக்காரங்க குரூப்புல போட்டுட்டான் சேர். ஒரு வெளையாட்டுக்கு. நான் திட்டினதும் அழிச்சிட்டான். ஆனா போயிருச்சே."

"பொட்டலம் தெரியுதோ அதிலை?"

"கடப் பேரு நல்லாத் தெரியுது சேர்."

கதிரையில் உட்கார்ந்தேன். ஓட்டோக்காரர் குழுவில் தமிழரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு, சிங்களவரும் உண்டு. ஒரு தட்டில் மஞ்சள் கறுப்பதைப் பார்க்க மொழி தேவையில்லை. அடியில் யாராவது ஒரு வரி எழுதிச் சேர்த்தால் போதும்.

வேறு ஊராக இருந்தால் ஒரு கடைக்காரருக்கு இரண்டு கிழமை வியாபாரம் படுக்கும், பிறகு சனம் மறந்துவிடும். இது திகன. கும்பல்கள் முஸ்லிம் கடைகளை எரித்த, 2018ஆம் ஆண்டின் அந்த மாசி பங்குனியை இங்கே யாரும் வாயெடுத்துச் சொல்வதில்லை, மறந்ததும் இல்லை. அப்போது நாங்கள் கண்டியில் ஊரடங்குக்குள் யன்னலை மூடிக்கொண்டு இருந்தோம். ரிஸ்வி நானாவின் கடையும் எரிந்தவற்றில் ஒன்று. அவர் திரும்பக் கட்டினார். அந்தக் கடையின் முன்னால் ஒரு சொல் தவறாக விழுந்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

அவர் என்னைக் கூப்பிட்டு ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கூப்பிடவில்லை.

வாளிக்குள் இருந்த சாட்சி

எங்கள் வீட்டு மஞ்சள் தூளை எடுத்துத் தட்டில் கொட்டினேன். துளி விட்டேன். கறுத்தது.

பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கினேன். கறுத்தது. கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் இரண்டு கடையில் சின்னப் பொட்டலம் வாங்கினேன். இரண்டும் கறுத்தன.

என் மனைவி பத்மா வாசலில் நின்று பார்த்தாள். "என்னப்பா, கண்டி முழுக்கக் கள்ளரோ?"

"அப்பிடியும் இருக்கலாம். இல்லாட்டி மஞ்சளே கறுக்கிற சாமானாயும் இருக்கலாம். ஆரும் அரைக்காத, ஆரும் தொடாத மஞ்சள் வேணும்."

சொல்லிக்கொண்டே பின்கதவுப் பக்கம் பார்த்தேன். அவளும் என் கண் போன திசையைப் பார்த்துவிட்டாள். பின் வளவில் ஒரு பழைய பெயின்ற் வாளிக்குள் அவள் மஞ்சள் நட்டிருந்தாள். தைப்பொங்கலுக்குப் பானையின் கழுத்தில் கட்டுவதற்கு, இலையோடும் கிழங்கோடும். ஒவ்வொரு வருடமும் ஒரே ஒரு வாளி.

"தொட்டுப் பாருங்கோ" என்றாள்.

"ஒரு சின்னத் துண்டு, பத்மா."

"பொங்கலுக்கு வெறும் இலையைக் கட்டச் சொல்லுறியளோ? சந்தையிலை போய் வாங்குங்கோ."

"சந்தையிலை வாங்கினால், ஆர் கொண்டு வந்தது, எங்கை கிடந்தது எண்டு எனக்குத் தெரியாது. உன்ரை வாளியை எனக்குத் தெரியும்."

"அரைக்காத கிழங்குக்குள்ளை ஆர் என்னத்தைக் கலக்கிறது?"

அவள் சொன்னது சரி. ஆனாலும் நான் அசையவில்லை. எனக்கு அப்போது எந்தக் கிழங்கின் மேலும் நம்பிக்கை இல்லை. அவள் பெருமூச்சு விட்டுவிட்டு, கத்தியோடு தானே போனாள். "நீங்கள் கிண்டினால் வேர் முழுக்க அறுக்கும்" என்று சொல்லிக்கொண்டு வாளியின் ஓரத்தை விரலால் தோண்டினாள். விரல் நீளத்தில் ஒரு துண்டு வந்தது. மண் மணம், மஞ்சள் மணம், இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறியது.

கழுவி, குறுக்கே வெட்டினாள். வெட்டுமுகம் தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறத்தில் பளபளத்தது. துளியையும் அவளே விட்டாள்.

கறுத்தது.

"பாருங்கோ, நானும் கள்ளி" என்றாள்.

பிறகுதான் யோசனை ஓடியது. மஞ்சள் நிலத்துக்கடியில் இருக்கிற தண்டு. அடுத்த வருடம் முளைப்பதற்கான சாப்பாட்டை அது தனக்குள் சேர்த்து வைக்கும், உருளைக்கிழங்கு சேர்ப்பதைப் போல. அந்தச் சாப்பாடு மாப்பொருள். எந்தக் கலப்படமும் இல்லாத மஞ்சளும் அயடின் பட்டால் கறுத்தே தீரும். பழைய புத்தகம் ஒன்றையும் தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

ஒரு நிமிடம் சந்தோஷம். அடுத்த நிமிடம் அதுவும் போயிற்று.

ஏனென்றால் இந்தத் துளி ரிஸ்வி நானாவைக் குற்றவாளியாக்கவில்லை, சரி. ஆனால் குற்றமற்றவர் என்றும் சொல்லவில்லை. நல்ல மஞ்சளும் கறுக்கும், மாக் கலந்த மஞ்சளும் கறுக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல இந்தச் சோதனையால் முடியாது. இதைப் பத்மாவுக்கு விளக்கினேன்.

"அதை அந்தாளிட்டைப் போய்ச் சொல்லப் போறியளோ?" என்றாள். அவள் குரலில் பகிடி இல்லை.

"ஒரு சொல் செல்லுங்க"

திங்கட்கிழமை பின்னேரம் போனேன். ரிஸ்வி நானாவின் கடையில் அந்த நேரத்தில் வழக்கமாக ஏழெட்டுப் பேராவது நிற்பார்கள். அன்று ஒருவரும் இல்லை. கருவாட்டு மணமும் மல்லி மணமும் மட்டும் நின்றன. நுஸ்ரா உள்ளே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாங்க சேர், இரிங்க" என்றார் அவர். நாற்பதைக் கடந்த மனிதர், எப்போதும் சிரித்த முகம். அன்று வாய் மட்டும் சிரித்தது. "வீடியோவ எனக்கே மூணு பேர் அனுப்பினாங்க. மூணாவது ஆள் ஆருன்டு தெரியுமா? எங்கட மாமி. கீழ எழுதீக்கிறா, மருமகன் இது உண்மையான்டு."

நான் சிரிக்கவில்லை. அந்தக் கிழங்கில் மீதியை எடுத்து மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு துண்டு வெட்டித் துளியும் விட்டுக் காட்டினேன். அவர் கறுப்பைப் பார்த்தார். முகம் விரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப முடிஞ்சிதானே. இத ஒரு வீடியோ எடுப்போம். நீங்க சேர், ஒரு சொல் செல்லுங்க, ரிஸ்விட மஞ்சள் சுத்தமான மஞ்சள்ன்டு. நீங்க செல்லினா ஆக்கள் நம்புவாங்க."

"அது சொல்ல ஏலாது, நானா."

"ஏன்?"

"இந்தச் சோதனை அதைக் காட்டேல்லை. எல்லா மஞ்சளும் கறுக்கும். அவ்வளவும்தான் எனக்குத் தெரியும்."

அவர் கையில் இருந்த சணல் நூலை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "அப்ப நான் கலந்தேன்டு நினைக்கிறீங்களா?"

"நினைக்கேல்லை. ஆனால் நினைக்கிறது வேறை, தெரியிறது வேறை."

"சேர்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "இந்த ஷட்டர் ரெண்டாவது ஷட்டர். மொத ஷட்டர் எப்பிடிப் போனதுன்டு ஒங்களுக்குத் தெரியும். அன்டைக்கி ஆரும் சோதன செஞ்சி பார்த்திட்டு வரல்ல. நினைச்சிட்டுத்தான் வந்தாங்க."

அவர் கேட்ட சொல்லைச் சொல்லிவிடலாம் என்று நாக்கின் நுனிவரை வந்தது. சொன்னால் என்ன கெட்டுவிடும்? ஒரு மனிதரின் கடை. ஆனால் நாளைக்கு யாராவது அந்தச் சொல்லையும் சோதித்துப் பார்த்தால் அவருக்கு என்ன மிஞ்சும்? இதையும் சொன்னேன். எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

நுஸ்ரா மூட்டையிலிருந்து இறங்கி வந்தாள். "வாப்பா, சேர் எங்கட தூள் அரைக்கக்குள்ள பார்க்கல்லதானே. பார்க்காதத எப்பிடிச் செல்ற?"

"நீ போய்ப் பாடத்த எழுது" என்றார் அவர். ஆனால் சணல் நூலைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு என்னிடம் சொன்னார்: "சரி. பேச்சு வந்தது ஒங்கட வகுப்பால. வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சி ஆக்கள் வார நேரம், கடைக்கி முன்னுக்கு வந்து ஒங்கட கையாலயே செஞ்சி காட்டுங்க. தெரிஞ்சத மட்டும் செல்லுங்க. தெரியாததுக்கு நான் பதில் செல்றேன்."

கடைவாசலில்

அந்தக் கடையின் முன்னால் கூட்டம் சேர்க்கப் போகிறோம் என்பதை பஸ்ஸில் திரும்பும்போதுதான் முழுதாக உணர்ந்தேன். வெள்ளிவரை டின்னைத் திறந்து திறந்து எண்ணினேன். பத்மா இஞ்சித் தேநீர் ஊற்றி ஊற்றித் தந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு மர வாங்கில் நாலு தட்டு வைத்தேன். முதல் தட்டில் உப்பு. இரண்டாவதில் எங்கள் வாளிக் கிழங்கு. மூன்றாவதில் ரிஸ்வி நானாவின் சாக்கிலிருந்து எடுத்த காய்ந்த விரல் மஞ்சள், எல்லோரும் பார்க்க உடைத்தது. நாலாவதில் அவருடைய தூள். நுஸ்ரா தட்டுகளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

தொழுகை முடிந்து தொப்பியோடு வந்தவர்கள் நின்றார்கள். சந்தைக்கு வந்த சிங்களப் பெண்கள் நின்றார்கள். ஓட்டோக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டினார்கள். அவர்களுக்கு நடுவில் சர்மிளாவின் அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். பழக்கத்தில் தலைகளை எண்ணினேன். நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். பிள்ளைகளை எண்ணினால் யாரையாவது தவறவிட்டோமோ என்று பயம் வரும். இங்கே, எண்ணிக்கை ஏற ஏறப் பயம் ஏறியது.

வீதி ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். அதில் இரண்டு இளைஞர்கள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பின்னால் இருந்தவன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தான். ரிஸ்வி நானாவும் அவர்களைக் கண்டுவிட்டார். அவர் கை ஷட்டரின் பிடியைத் தேடியதை நான் பார்த்தேன்.

நல்ல மஞ்சளிலும் மாப்பொருள் உண்டு என்று தமிழில் சொன்னேன். பிறகு என் சிங்களத்தில் சொன்னேன். என் சிங்களம் அரசாங்கக் கந்தோர்க் கடிதத்தில் வரும் சிங்களம். இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். உப்பில் துளி விட்டேன், ஒன்றுமில்லை. கிழங்கில் விட்டேன், கறுத்தது. கூட்டம் ஒரு அடி நெருங்கியது.

முன்னால் இருந்தவன் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி வந்தான். வழி விட்டார்கள். கிட்ட வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். இருபது வயதுகூட இராது, மேலுதட்டில் பூனை மயிர். துளிக்குழாயைத் தன்னிடம் தரும்படி சிங்களத்தில் கேட்டான்.

கொடுப்பதா என்று ஒரு கணம் தயங்கினேன். கொடுத்தேன்.

காய்ந்த மஞ்சளின் உடைந்த முனையில், மிகவும் கவனமாக, நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, ஒரு துளி விட்டான். என் வகுப்புப் பிள்ளைகளும் நாக்கை அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். கறுத்ததும் "அம்மோ!" என்று நண்பனைத் திரும்பிப் பார்த்தான். நண்பன் கைப்பேசியோடு ஓடி வந்தான்.

பிறகு தூளிலும் விட்டான். கறுத்தது. நிமிர்ந்து என்னைக் கேட்டான்: "அப்படியென்றால் இந்த முதலாளியின் தூள் நல்லதா?"

கைப்பேசி என் முகத்துக்கு நேரே இருந்தது.

"தன்னே நே" என்றேன். தெரியாது. "இந்தச் சோதனையால் அதைச் சொல்ல முடியாது."

ரிஸ்வி நானா முன்னால் வந்தார். என்னைப் போலல்லாமல் அவர் சிங்களம் ஆறு போல ஓடும். காய்ந்த மஞ்சள் சாக்கை வாசலுக்கு இழுத்து, வாயை அவிழ்த்துச் சொன்னார்: என் தூள் இதிலிருந்துதான். நம்புகிறவர்கள் தூளை வாங்குங்கள். நம்பாதவர்கள் முழு மஞ்சளை வாங்கி வீட்டில் இடித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நிறைக்கு ஒரே விலை.

யாரும் அசையவில்லை. ஒரு லொறி போயிற்று. அதன் புழுதி அடங்கும்வரை யாரும் அசையவில்லை.

சந்தைப் பை வைத்திருந்த வயதான சிங்களப் பெண் ஒருவர் சாக்குக்குள் கையை விட்டு ஒரு விரல் மஞ்சளை எடுத்தார். முகர்ந்தார். நகத்தால் கீறினார். திரும்பச் சாக்குக்குள் போட்டார்.

"இதையெல்லாம் இடிக்க எனக்கு எங்கே நேரம்?" என்றார் சலிப்போடு. "தூளில் நூறு கிராம் கட்டு, முதலாளி."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர். அந்தப் பையன் மறுபடியும் துளிக்குழாயைக் கேட்டான். தன் சட்டைப் பையில் இருந்த பிஸ்கட்டில் விட்டுப் பார்க்க வேண்டுமாம். ரிஸ்வி நானா தராசில் தூளை நிறுத்துக் கடதாசியில் மடித்துக் கொடுத்தார்.

கூட்டம் கலைந்ததும் அவர் எனக்குச் சோடா உடைத்துத் தந்தார். "அந்த நேரத்தில தெரியாதுன்டு செல்லிட்டீங்களே சேர். எனக்கு உசிரு போயிட்டு."

"எனக்கும்தான்."

அவர் சிரித்தார். அன்று முதல் தடவையாக முழு முகமும் சிரித்தது.

அவருடைய தூளில் என்ன இருந்தது என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வீட்டு மஞ்சளை அங்கேதான் வாங்குகிறோம். பத்மா வேறு கடைக்குப் போக விடமாட்டாள்.

நான் தட்டுகளை எண்ணி டின்னுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். நுஸ்ரா வந்து நின்றாள்.

"சேர், நாளைக்கி வகுப்புக்கு என்ன கொண்டு வரணும்?"

அவள் வருகிறாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. எதைக் கொண்டுவரச் சொல்வது என்று யோசித்தேன். மிளகாய்த்தூள் வேண்டாம். பால்மா வேண்டாம். தேன் வேண்டவே வேண்டாம். யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாத ஒன்று வேண்டும்.

"தண்ணி கொண்டு வா, பிள்ளை" என்றேன். "எல்லாரிட்டையும் சொல்லு. அவரவர் வீட்டுத் தண்ணி, ஒரு சின்னப் போத்தல்."

அவள் சந்தோஷமாக ஓடினாள். பஸ்ஸில் ஏறி, டின்னை மடியில் வைத்து, குண்டசாலை தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கு எடுப்பது பிறர் கிணற்றுத் தண்ணீர்; ஒரு போத்தல் கலங்கியிருந்தால் கேள்வி அந்தக் கிணற்றுக்காரரிடம் போகும்.